39 வாக்குகளில் பிறந்த நாடு

1918 ஜனவரி 24ஆம் தேதி இரவு, கீவ் நகரின் வொலொடிமிர்ஸ்கா தெருவில் இருந்த கல்வியியல் அருங்காட்சியகத்தில் நெடுநேரம் விளக்கெரிந்தது. கண்ணாடிக் குவிமாடம் வைத்துக் கட்டி ஆறேழு ஆண்டுகூட ஆகாத புதுக் கட்டடம் அது. ரஷ்யப் பட்டத்து இளவரசர் அலெக்சியின் பெயரைச் சூட்டியிருந்தார்கள். ஜார் ஆட்சி போனதும் உக்ரைனின் மத்திய ராடா, அதாவது மக்கள் மன்றம், அங்கே வந்து அமர்ந்துகொண்டது. அன்று கூடியது மன்றத்தின் சிறிய அவை. தலைமை நாற்காலியில் நரைத்த தாடியோடு இருந்தவர் வரலாற்றுப் பேராசிரியர் மிகைலோ ஹ்ருஷெவ்ஸ்கி. உறுப்பினர்களை ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி அழைத்து வாக்குக் கேட்டார்கள். ஆதரவு 39, எதிர்ப்பு 4, நடுநிலை 6. எதிர்த்தவர்கள் ரஷ்ய மென்ஷெவிக்குகளும் யூதத் தொழிலாளர் கட்சியான ‘புந்த்’தின் பிரதிநிதிகளும். நள்ளிரவை ஒட்டி நான்காவது யூனிவர்சல் நிறைவேறியது. உக்ரைன் மக்கள் குடியரசு எவருக்கும் கட்டுப்படாத தனி நாடு என்று உலகத்துக்கு அறிவித்த தாள் அதுதான்.

நிறைவேறியது 24 இரவில் என்றாலும் தாளில் உள்ள தேதி 22. ரஷ்யப் பழைய நாட்காட்டிப்படி ஜனவரி 9. உக்ரைனுக்கென்று ஓர் அரசியல் நிர்ணய சபையைத் தேர்ந்தெடுத்து அதைத் தொடங்கி வைக்க ராடா முன்பே குறித்திருந்த நாள் அது. சபை கூடவில்லை. வடக்கிலும் கிழக்கிலுமிருந்து போல்ஷெவிக் படை ரயிலேறி வந்துகொண்டிருந்தபோது தேர்தலை எங்கே நடத்தி முடிப்பது? கூடாத சபையின் தேதியைச் சாசனத்துக்குக் கொடுத்தார்கள். பழைய கசாக்கு தலைவர்களான ஹெட்மன்களின் ஆணைகளுக்கு ‘யூனிவர்சல்’ என்று பெயர். அந்தப் பெயரையே எடுத்துக்கொண்டதும் வரலாற்றுப் பேராசிரியர் தலைவராக இருந்த மன்றத்துக்குப் பொருத்தமானதுதான்.

இன்னொரு விசித்திரம் அந்தச் சாசனத்துக்குள்ளேயே இருக்கிறது. தனி நாடு என்று முழங்கிவிட்டு, பழைய ரஷ்யப் பேரரசின் மற்ற மக்கள் குடியரசுகளோடு கூட்டாட்சி உறவு வேண்டுமா என்பதை வருங்கால அரசியல் நிர்ணய சபை முடிவு செய்யட்டும் என்றும் சொல்கிறது. சமாதானம் வந்ததும் நிரந்தரப் படையைக் கலைத்துவிட்டு மக்கள் காவல் படையை அமைப்பதாகவும் வாக்குக் கொடுக்கிறது. முராவ்யோவ் என்ற முன்னாள் ஜார் படை அதிகாரி, போல்ஷெவிக் படை ரயில்களோடு கீவை நோக்கி வந்துகொண்டிருந்த வாரத்தில் எழுதிய வரிகள் இவை.

உக்ரைன் அப்போதே நிலைத்திருக்குமா என்று கேட்காத வரலாற்று ஆர்வலர் குறைவு. கற்பனைக்கு எல்லை கிடையாது என்பதால் நான் ஒரு வரம்பு போட்டுக்கொள்கிறேன். அந்தக் காலத்து மனிதர்கள் தாங்களே யோசித்து, வாதாடி, கைவிட்ட வழிகள் மட்டுமே இங்கே கணக்கில் வரும். அவர்கள் கனவிலும் காணாத வழியை நாம் திறந்துவிட்டால் அது நாவலாகிவிடும்.

அந்த வரம்புக்குள் மிகப் பின்னால் போனால் 1658இன் ஹாதியாச் உடன்படிக்கை கிடைக்கிறது. நான்கு ஆண்டுகளுக்கு முன் பெரியாஸ்லாவில் மாஸ்கோவோடு கைகோத்த கசாக்குகள், ஹெட்மன் இவான் விஹோவ்ஸ்கியின் காலத்தில் போலந்து பக்கம் திரும்பினார்கள். போலந்து, லித்துவேனியா ஆகியவற்றோடு மூன்றாவது பங்காளியாக ஒரு ‘ரஸ் பெருநாடு’ அமையும் என்றது உடன்படிக்கை. அடுத்த ஆண்டு கொனொதோப்பில் விஹோவ்ஸ்கி ரஷ்யப் படையைத் தோற்கடிக்கவும் செய்தார். ஆனால் போலந்துப் பிரபுக்கள் திரும்பி வருவதைச் சாதாரணக் கசாக்கும் குடியானவரும் ஏற்கத் தயாராக இல்லை. விஹோவ்ஸ்கி பதவியை இழந்தார். 1708இல் ஹெட்மன் மஸெப்பா சுவீடன் அரசர் பன்னிரண்டாம் சார்லஸோடு சேர்ந்ததும், மறு ஆண்டு பொல்தாவாவில் இருவரும் தோற்றதும் எல்லாரும் அறிந்த கதை. பொல்தாவாவில் வென்றிருந்தாலும் கிடைத்திருப்பது சுவீடன் குடையின் கீழ் ஒரு கசாக்குப் பெருங்குடியினரின் அரசு. அதில் குடியானவருக்கு என்ன இடம் இருந்திருக்கும் என்பது வேறு கேள்வி. தேசம் என்ற எண்ணம் குடியானவர் வீடுவரை போய்ச் சேர, பண்ணையடிமையாகப் பிறந்த தாராஸ் ஷெவ்சென்கோ 1840இல் ‘கொப்சார்’ கவிதை நூலை வெளியிட வேண்டியிருந்தது. 1863இலும் 1876இலும் ஜார் அரசு உக்ரைன் மொழி அச்சுக்குப் போட்ட தடைகளே அந்த எண்ணத்தின் வேகத்துக்குச் சான்று. ஆகவே 1917க்கு வந்துவிடலாம்.

பிப்ரவரிப் புரட்சியில் ஜார் வீழ்ந்த சில நாட்களில், மார்ச் 17 அன்று கீவில் மத்திய ராடா உருவாயிற்று. ஹ்ருஷெவ்ஸ்கி அப்போது ஊரில் இல்லை. முதல் உலகப் போர்க்காலத்தில் கைதாகி ஊரைவிட்டு அகற்றப்பட்டவர் மாஸ்கோவில் இருந்தார். அவர் இல்லாமலே அவரைத் தலைவராகத் தேர்ந்தெடுத்தார்கள். ‘உக்ரைன்-ரஸ் வரலாறு’ என்ற பெரும் தொகுதிகளை எழுதி, உக்ரைனுக்கு மாஸ்கோவிலிருந்து வேறான ஒரு வரலாறு உண்டு என்று நிறுவியவர் அவர். இருந்தும் அவர் கேட்டது தனி நாடு அல்ல. ஜனநாயக ரஷ்யாவுக்குள் தன்னாட்சி. நாவலாசிரியரும் நாடகாசிரியருமான வொலொடிமிர் வின்னிச்சென்கோ அரசின் தலைவரானார். அவர் சோஷலிஸ்ட். தேசிய ராணுவம் என்பது முதலாளி வர்க்கத்தின் கருவி என்ற நினைப்பு அவரிடம் வலுவாக இருந்தது. படைத்துறைக்கு வந்தவர் சிமோன் பெத்லியூரா, பத்திரிகையாளர். பேராசிரியர், நாவலாசிரியர், பத்திரிகையாளர் என்று ஓர் அமைச்சரவையை எண்ணிப் பாருங்கள். எழுத்து நன்றாக இருக்கும். யூனிவர்சல்கள் உண்மையிலேயே நன்றாக எழுதப்பட்டவை.

தனி நாடு வேண்டும் என்று ஆரம்பத்திலிருந்தே சொன்னவர் ஒருவர் உண்டு. கார்கிவ் வழக்கறிஞர் மிகோலா மிக்னோவ்ஸ்கி. 1900இலேயே ‘சுதந்திர உக்ரைன்’ என்ற சிறு நூலை எழுதியவர். 1917 வசந்தத்தில் கீவில் படை வீரர்களைத் திரட்டி, போஹ்தான் ஹ்மெல்னிட்ஸ்கி பெயரில் முதல் உக்ரைன் ரெஜிமெண்ட் உருவாகக் காரணமாக இருந்தவர்களில் அவர் முன்னவர். ராடாவின் சோஷலிஸ்டுகளுக்கு அவரைக் கண்டாலே ஆகாது.

ஜூன் மாதம் ரஷ்யப் போர் அமைச்சர் கெரன்ஸ்கி தடை போட்டும் உக்ரைன் படைவீரர்களின் இரண்டாவது மாநாடு கீவில் நடந்தது. அதன் இறுதி நாளான ஜூன் 23 அன்றுதான் தன்னாட்சியைப் பறைசாற்றிய முதல் யூனிவர்சல் வாசிக்கப்பட்டது. ரஷ்யத் தலைநகர் பெட்ரோகிராடிலிருந்து கெரன்ஸ்கியும் சக அமைச்சர்கள் செரெத்தெலியும் தெரெஷ்சென்கோவும் பதறி வந்து பேரம் பேசினார்கள். ஜூலை 16இல் இரண்டாவது யூனிவர்சல். முதலாவதில் எடுத்த வேகத்தைக் குறைத்து, அனைத்து ரஷ்ய நிர்ணய சபை வரும்வரை தன்னிச்சையாக எதுவும் செய்ய மாட்டோம் என்று ராடா ஒப்புக்கொண்டது. ராடாவுக்கு இவ்வளவு கொடுத்ததே அதிகம் என்று பெட்ரோகிராடில் தாராளவாதக் காடெட் கட்சி அமைச்சர்கள் பதவி விலகினார்கள்.

ஜூலை 17 நள்ளிரவு கீவுக்குப் பக்கத்தில் முகாமிட்டிருந்த சுமார் 5,000 வீரர்கள் எழுந்தார்கள். பாவ்லோ பொலுபோத்தோக் என்ற பழைய ஹெட்மன் பெயரால் தங்களை ரெஜிமெண்ட் என்று அழைத்துக்கொண்டவர்கள். ஆயுதக் கிடங்கும் காவல் தலைமையகமும் கைக்கு வந்தன. ராடா உடனே விடுதலையை அறிவிக்க வேண்டும் என்பது அவர்களின் கோரிக்கை. ராடா மறுத்தது. மறுத்ததோடு நிற்கவில்லை, போஹ்தான் ரெஜிமெண்டைக் கொண்டே அவர்களை அடக்கிப் போர்முனைக்கு அனுப்பி வைத்தது. மிக்னோவ்ஸ்கியும் ருமேனியப் போர்முனைக்குப் போய்ச் சேர்ந்தார்.

கற்பனைக்காரர்களுக்குப் பிடித்த இரவு இது. அன்று விடுதலையை அறிவித்திருந்தால், ஆறு மாதம் முன்கூட்டியே நாடு பிறந்திருக்கும். அப்போது போர்முனையில் இருந்த லட்சக்கணக்கான உக்ரைன் வீரர்கள் இன்னும் ஊர் திரும்பவில்லை. கெரன்ஸ்கியின் கோடைத் தாக்குதல் கலீசியாவில் சிதறிக்கொண்டிருந்தது. பெட்ரோகிராடிலும் அதே நாட்களில் தெருக்கலகம். நேரம் வாய்த்தது போலத்தான் தெரிகிறது. ஆனால் கீவ் அப்போது ரஷ்யாவின் தென்மேற்குப் போர்முனைக்குப் பின்தளம். அந்தப் போர்முனையின் சோறும் குண்டும் இந்த ஊர் ரயில் நிலையங்களைத் தாண்டித்தான் போக வேண்டும். போர் நடக்கும்போது அந்தக் கழுத்தைப் பிடிக்க எந்தத் தளபதியும் விட்டிருக்க மாட்டார். பிரிட்டனும் பிரான்ஸும் இதைத் துரோகமாகவே பார்த்திருக்கும். ஆகஸ்டுக்குள் மிக்னோவ்ஸ்கியின் குடியரசை ரஷ்யத் தளபதி கொர்னிலோவின் குதிரைப்படை மிதித்திருக்கும் என்றே எனக்குத் தோன்றுகிறது. வீர நினைவு மிஞ்சியிருக்கும், நாடு மிஞ்சியிருக்காது.

அதைவிட எளிய, சிறிய திருப்பம் ஒன்று குளிர்காலத்தில் இருந்தது. அதைப் பலரும் கவனிப்பதில்லை, காரணம் அதில் நாயகனாக வருபவர் பிறகு வில்லனாகிவிட்டார்.

அவர் ஜெனரல் பாவ்லோ ஸ்கொரோபாட்ஸ்கி. ஹெட்மன் வம்சத்தவர், பெரும் நிலக்கிழார், ஜார் படையில் வளர்ந்தவர். 1917இல் அவருடைய 34ஆவது படைப்பிரிவை உக்ரைன்மயமாக்க மேலிடம் அனுமதித்தது. அது முதலாவது உக்ரைன் படைப்பிரிவு ஆயிற்று. பல்லாயிரம் பேர், ஓரளவு கட்டுப்பாட்டோடு. அக்டோபர் புரட்சிக்குப் பின், யெவ்ஜெனியா போஷ் என்ற போல்ஷெவிக் தலைவி தூண்ட, போல்ஷெவிக் மயமான இரண்டாவது காவலர் படை போர்முனையிலிருந்து கீவை நோக்கிக் கிளம்பியது. ஸ்கொரோபாட்ஸ்கியின் ஆட்கள் ஷ்மெரின்கா ரயில் பாதையில் அதை மறித்து ஆயுதத்தைப் பறித்து ரஷ்யா பக்கம் அனுப்பினார்கள். கீவ் பிழைத்தது.

இதற்கு ராடா தந்த பரிசு சந்தேகம். கசாக்கு மரபில் கிராமங்களில் எழுந்த தன்னார்வப் படையான சுதந்திரக் கசாக்குகள், அக்டோபரில் சிஹிரினில் கூடி ஸ்கொரோபாட்ஸ்கியைத் தங்கள் கௌரவத் தலைவராகத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். நிலக்கிழார் ஒருவர் நெப்போலியன் ஆகப் பார்க்கிறார் என்று வின்னிச்சென்கோவின் ஆட்கள் பயந்தார்கள். அந்தப் பயம் முழுப் பொய்யுமல்ல, நான்கு மாதத்தில் அதை அவரே மெய்யாக்கிக் காட்டினார். படைப்பிரிவுக்குப் பூட்ஸ் வரவில்லை, குளிருடை வரவில்லை, சம்பளமும் ஒழுங்காக வரவில்லை. ஆண்டு முடியும் தறுவாயில் ஸ்கொரோபாட்ஸ்கி விலகினார். வீரர்கள் ஊருக்கு நடந்தார்கள். அதே வாரங்களில் பெத்லியூராவும் படைத்துறையை விட்டு வெளியேற வேண்டியதாயிற்று. நிரந்தரப் படைக்குப் பதில் மக்கள் காவல் படை என்ற சட்டம் ஜனவரியில் வந்தது.

போல்ஷெவிக்குகளோடு நடந்த போரின் அளவைச் சொன்னால்தான் இந்த விலகலின் விலை புரியும். 1918 ஜனவரியில் உக்ரைனில் நடந்தது ரயில் பாதைப் போர். இரு பக்கமும் ரயில் பெட்டியில் ஏறி வந்து, நிலையத்தில் இறங்கிச் சுட்டுவிட்டு, மறுபடி பெட்டியில் ஏறிக்கொள்வார்கள். முராவ்யோவிடம் இருந்தவர்கள் சில ஆயிரம்தான். அவரை க்ரூட்டி ரயில் நிலையத்தில் ஜனவரி 29 அன்று எதிர்கொண்டவர்கள் ஏறக்குறைய 500 பேர். படைப்பள்ளி மாணவர்கள், அவர்களோடு துப்பாக்கி பிடித்து அதிகப் பழக்கமில்லாத கல்லூரி மாணவர்களும் பள்ளிப் பையன்களும். அரை நாள் தாங்கினார்கள். அதே நாள் கீவில் ‘அர்செனால்’ ஆயுதத் தொழிற்சாலைத் தொழிலாளர்கள் ராடாவுக்கு எதிராக எழுந்தார்கள். பிப்ரவரி 8இல் கீவ் விழுந்தது. ஹ்ருஷெவ்ஸ்கியின் வீட்டைக் குறிபார்த்துக் குண்டு வீசினார்கள். ஆறு மாடி வீடு எரிந்து, அவர் வாழ்நாள் முழுக்கச் சேர்த்த நூல்களும் கையெழுத்துப் படிகளும் சாம்பலாயின.

சில ஆயிரத்துக்கு எதிராக 500. இந்தக் கணக்கில் ஸ்கொரோபாட்ஸ்கியின் படைப்பிரிவில் பாதி மிஞ்சியிருந்தாலும் கீவ் பிப்ரவரியைத் தாண்டியிருக்கும். அது ஏன் முக்கியம் என்பதற்கு பிரெஸ்ட்-லிட்டோவ்ஸ்க் போக வேண்டும்.

நான்காவது யூனிவர்சல் பிறந்ததற்கு உண்மையான காரணமே அந்த ஊர்தான். ஜெர்மனியும் ஆஸ்திரியாவும் போல்ஷெவிக்குகளோடு அங்கே சமாதானம் பேசிக்கொண்டிருந்தன. தனி நாடாக இருந்தால்தான் தனி ஒப்பந்தம் போட முடியும். அதுவரை கூட்டாட்சி என்று பேசிய பேராசிரியரும் நாவலாசிரியரும் ஒரே இரவில் மனம் மாறவில்லை. டிசம்பரில் லெனினும் ட்ராட்ஸ்கியும் 48 மணி நேரக் கெடு வைத்து ராடாவுக்கு இறுதி எச்சரிக்கை அனுப்பியபோதே கூட்டாட்சிக்கு மறுபக்கத்தில் ஆளில்லை என்று தெரிந்துவிட்டது. விடுதலை அவர்களுக்கு ஆசையாக வரவில்லை, நிர்ப்பந்தமாக வந்தது.

ராடா பிரெஸ்டுக்கு அனுப்பிய தூதர்கள் ஒலெக்சாந்தர் செவ்ரியுக், மிகோலா லியுபின்ஸ்கி, மிகோலா லெவிட்ஸ்கி. முதல் இருவரும் இருபதுகளில் இருந்த இளைஞர்கள். எதிரே ஆஸ்திரிய வெளியுறவு அமைச்சர் செர்னின் பிரபு. வியன்னாவில் மாவுப் பங்கீட்டைக் குறைத்ததால் ஜனவரியில் வேலைநிறுத்தம் பரவியிருந்தது. தானியம் இல்லாமல் அவரால் ஊர் திரும்ப முடியாது. அந்தப் பசியை இளைஞர்கள் புரிந்துகொண்டு பேரம் பேசினார்கள். போலந்துக்காரர்கள் தங்களுடையது என்று உரிமை கொண்டாடிய கோல்ம் வட்டாரத்தையே வாங்கிக்கொண்டார்கள். அது ஹ்ருஷெவ்ஸ்கி பிறந்த மண். பதிலுக்குத் தருவதாகச் சொன்னது பத்து லட்சம் டன் தானியம். ராடாவின் ஆட்சி எல்லை, அதன் தூதர்கள் பிரெஸ்டில் தங்கியிருக்கும் அறையளவுதான் என்ற பொருளில் ட்ராட்ஸ்கி கேலி பேசினார். கேலியில் பிழையில்லை. பிப்ரவரி 9 அதிகாலையில் ஒப்பந்தம் கையெழுத்தானபோது கீவ் எதிரியின் கையில் இருந்தது.

எனவே கீவை மீட்டுத் தரும்படி ஜெர்மன் படையை ராடா கூப்பிட்டது. மார்ச் தொடக்கத்தில் ராடா ஜெர்மன் துப்பாக்கிகளின் பின்னால் ஊருக்குள் வந்தது. கூப்பிட்ட விருந்தாளி ஏப்ரல் 29 அன்று வீட்டுக்காரரையே மாற்றிவிட்டார். ராடா அரசியலமைப்பை நிறைவேற்றிய அதே நாளில், ஜெர்மனியின் ஆசியோடு ஸ்கொரோபாட்ஸ்கி ஹெட்மன் ஆனார். கீவ் விழாமல் இருந்திருந்தால் ஜெர்மனி வந்தே இருக்காது என்று நான் சொல்லவில்லை. பசித்த பேரரசு தானியத்தைத் தேடி எப்படியும் வந்திருக்கும். ஆனால் தலைநகரைத் தானே காத்த அரசை அவ்வளவு எளிதாகத் தூக்கி எறிந்திருக்க முடியாது. ஊர் திரும்பிய வீரர்களுக்கும் மார்ச்சில் தங்கள் அரசு அந்நியன் துணையோடு நுழைந்த காட்சி நினைவில் தங்கியிருக்காது.

இங்கே நிலத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும், ஏனென்றால் படைகளைப் பற்றியே பேசினால் குடியானவர் கதையிலிருந்து காணாமல் போய்விடுகிறார். நவம்பரில் நடந்த அனைத்து ரஷ்ய நிர்ணய சபைத் தேர்தலில் உக்ரைனில் போல்ஷெவிக்குகள் வாங்கியது பத்தில் ஒரு பங்கு வாக்குத்தான். உக்ரைன் கட்சிகளுக்குப் பெரும்பான்மை கிடைத்தது. மக்கள் ராடா பக்கம் இருந்தார்கள் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் வாக்குப்போட்ட கை துப்பாக்கி பிடிக்க வரவில்லை. பெட்ரோகிராடு நவம்பர் 8 அன்றே நிலத்தைக் குடியானவருக்கு என்று ஆணை போட்டுவிட்டது. அதே மாதம் 20ஆம் தேதி வந்த மூன்றாவது யூனிவர்சலும் நிலக்கிழார் உடைமையை ஒழித்ததாகச் சொன்னது. பிறகு தயங்கியது, விளக்கம் கொடுத்தது, நிர்ணய சபைக்குக் காத்திருக்கச் சொன்னது. நிலச் சட்டம் ராடாவில் நிறைவேறியபோது ஜனவரியின் இறுதி நாட்கள். அர்செனால் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. போர்முனையிலிருந்து நடந்து வந்த வீரர் தன் ஊரில் எந்த ஏக்கர் யாருக்கு என்பதைத் தானே முடிவு செய்துகொண்டிருந்தார். அந்த வேளையில் கீவுக்கு வா என்று ஒரு தந்தி வந்தால் அவர் கிளம்புவாரா?

பின்லாந்து 1917 டிசம்பர் 6இல் விடுதலையை அறிவித்தது, அந்த மாதம் முடிவதற்குள் லெனின் அரசே அதை ஏற்றது. எஸ்தோனியா போரிட்டு 1920இல் சமாதானம் வாங்கியது. உக்ரைனுக்கு மட்டும் ஏன் இந்த விதி என்று கேட்பவர்கள், தொன்பாஸ் நிலக்கரியையும் பேரரசின் பெரும்பகுதி சர்க்கரையையும் கருமண் கோதுமையையும் மறந்துவிடுகிறார்கள். பின்லாந்து போனால் பெட்ரோகிராடுக்குக் கோபம் வரும். உக்ரைன் போனால் பட்டினி வரும்.

நான்காவது யூனிவர்சலுக்குப் பின் வந்த கிளைகளை வேகமாகக் கடந்துவிடலாம், ஏனெனில் அவை ஒவ்வொன்றிலும் உக்ரைனின் கை சிறுத்துக்கொண்டே போகிறது. ஸ்கொரோபாட்ஸ்கியின் ஆட்சியை வெறும் பொம்மையாட்சி என்று ஒதுக்கிவிடுவது வழக்கம். ஆனால் உக்ரைன் அறிவியல் அகாதமி அவர் காலத்தில்தான் பிறந்தது, அதன் முதல் தலைவர் விளாதிமிர் வெர்னாட்ஸ்கி. 1918 நவம்பரில் ஜெர்மனி தோற்றதும், வென்ற நாடுகளின் மனம் குளிரட்டும் என்று, போல்ஷெவிக் அல்லாத ரஷ்யாவோடு கூட்டாட்சி என அறிவித்தார். அந்த அறிவிப்பே அவருக்கு எதிரான கிளர்ச்சிக்கு எண்ணெய் வார்த்தது. டிசம்பர் 14இல் பதவி துறந்து ஜெர்மனிக்குப் போனார். 1919 ஜனவரி 22இல், நான்காவது யூனிவர்சலின் முதல் ஆண்டு நாளில், கீவின் சோஃபியா சதுக்கத்தில், கிழக்கே மீண்டு வந்த உக்ரைன் மக்கள் குடியரசும் லிவிவில் உருவான மேற்கு உக்ரைன் குடியரசும் ஒன்றாயின. தாளில் ஒன்றாயின. இரண்டு வாரத்துக்குள் கீவ் மறுபடி போல்ஷெவிக்குகளிடம் போனது.

லிவிவுக்காகப் போலந்தோடு நடந்த போரை அந்தக் குளிர்காலத்திலேயே முடிக்க ஒரு வாய்ப்பு வந்தது. நேச நாடுகளின் குழு ஒரு கோட்டைக் கிழித்து, லிவிவும் போரிஸ்லாவ் எண்ணெய் வயல்களும் போலந்துக்கு, மற்றது உங்களுக்கு என்றது. மேற்குக் குடியரசைச் சேர்ந்த கலீசிய உக்ரைனியர்கள் மறுத்தார்கள். ஏற்றிருந்தால் அவர்களுடைய கட்டுக்கோப்பான படை கீவ் பக்கம் திரும்பியிருக்கலாம். ஆனால் தங்கள் தலைநகரை விட்டுக்கொடுத்துவிட்டு வேறொரு தலைநகருக்காகச் சண்டை போடு என்று யாரிடம் சொல்ல முடியும்? 1919 ஆகஸ்ட் 31இல் பெத்லியூராவின் படையும், போல்ஷெவிக்குகளை எதிர்த்த ரஷ்யத் தளபதி டெனிகினின் வெண்படையும் ஒரே நாளில் கீவுக்குள் நுழைந்தன. ஒரே நாளில் உக்ரைனியர்கள் வெளியேறவும் வேண்டியதாயிற்று. டெனிகினுக்கு உக்ரைன் என்ற நாடே இல்லை, ‘சின்ன ரஷ்யா’தான் உண்டு. போலந்துத் தலைவர் பில்சுட்ஸ்கி டெனிகினை நம்பாததால் அந்த இலையுதிர் காலத்தில் போல்ஷெவிக்குகளோடு மறைமுகமாகப் பேசிப் படையை நிறுத்தி வைத்தார். மூன்று பேரும் சேர்ந்திருந்தால் மாஸ்கோ வீழ்ந்திருக்கும் என்று சொல்வார்கள். அந்த மூன்று பேர் சேரவே முடியாது என்பதுதான் அந்த ஆண்டின் செய்தி.

1919ஐ மாற்றி எழுத முனையும் எவரும் ப்ரொஸ்குரிவ் நகரைத் தாண்டிப் போகக் கூடாது. ராடா தன் முதல் நூறு கார்போவனெட்ஸ் நோட்டில் உக்ரைன், ரஷ்ய, போலிஷ் மொழிகளோடு யித்திஷ் மொழியிலும் தொகையை அச்சிட்டிருந்தது. ஹியோர்ஹி நார்புத் வரைந்த அழகான நோட்டு அது. யூத மக்களுக்கென்று அமைச்சகம், சிறுபான்மையினருக்குத் தன்னாட்சிச் சட்டம் எல்லாம் இருந்தன. அதே குடியரசின் கொடியைப் பிடித்த படை, 1919 பிப்ரவரியில் ப்ரொஸ்குரிவில் சில மணி நேரத்தில் ஆயிரத்துக்கு மேற்பட்ட யூதர்களை வெட்டிக் கொன்றது. வெண்படையும் கொள்ளைக் கூட்டங்களும் செம்படைப் பிரிவுகளும் செய்தவை தனிக் கணக்கு. அந்த ஆண்டுகளில் மடிந்த யூதர்கள் பல பத்தாயிரம். பெத்லியூரா தடுக்க ஆணை போட்டார், தளபதிகளை அடக்க அவரிடம் வலு இல்லை, சில வேளை விருப்பமும் தாமதமாகவே வந்தது. 1926இல் பாரிஸ் தெருவில் அவரைச் சுட்டுக் கொன்ற ஷோலம் ஷ்வார்ட்ஸ்பார்ட், உறவினர்களை இந்தப் படுகொலைகளில் இழந்தவர். பிரெஞ்சு நீதிமன்றம் அவரை விடுவித்தது. தன் படையைத் தானே கட்டுப்படுத்த முடியாத அரசு பிழைத்திருந்தால் அது எத்தகைய அரசாக இருந்திருக்கும் என்ற கேள்விக்கு மாற்று வரலாறு இனிப்பான பதில் சொல்லக் கூடாது.

1920 ஏப்ரலில் பெத்லியூரா கலீசியாவைப் போலந்துக்கு விட்டுக்கொடுத்து பில்சுட்ஸ்கியோடு கூட்டுச் சேர்ந்தார். மே 7இல் கீவ் கைக்கு வந்தது, ஜூனில் போனது. 1921 மார்ச் 18இல் ரிகாவில் போலந்து சோவியத் உக்ரைனை ஏற்றுக் கையெழுத்திட்டது. சில வாரம் கழித்து, முள்வேலி முகாமில் அடைபட்டிருந்த உக்ரைன் அதிகாரிகளைப் பார்க்கப் போன பில்சுட்ஸ்கி அவர்களிடம் மன்னிப்புக் கேட்டார்.

இத்தனை கிளைகளையும் ஏறி இறங்கிய பிறகு எனக்கு மிகவும் நம்பத்தகுந்ததாகப் படுவது வெற்றிக் கிளை எதுவுமல்ல. ராடாவே உருவாகாத, யூனிவர்சல்களே எழுதப்படாத கிளை. அது நடந்திருக்க எவ்வளவோ வாய்ப்பு இருந்தது. 1917 மார்ச்சில் கீவில் கூடிய சில டஜன் அறிவாளர்கள் ஒரு பண்பாட்டுச் சங்கம் போதும் என்று நிறுத்தியிருக்கலாம்.

அப்படி ஆகியிருந்தால் போல்ஷெவிக்குகளுக்கு உக்ரைன் என்ற குடியரசே தேவைப்பட்டிருக்காது. அவர்களுடைய கட்சிக் கிளைக்கு அங்கே ‘தென்மேற்குப் பிரதேசம்’ என்றுதான் பெயர். கீவில் சோவியத்துகளின் மாநாட்டைக் கூட்டி ராடாவை வீழ்த்தப் பார்த்து, பெரும்பான்மை ராடா பக்கம் போனதால் தோற்று, 1917 டிசம்பரில் கார்கிவுக்கு இடம் மாறியபோதுதான் அவர்கள் ஓர் உக்ரைன் அரசை அறிவித்தார்கள். அதற்கு வைத்த பெயரும் உக்ரைன் மக்கள் குடியரசுதான், எதிரியின் பெயரையே எடுத்துக்கொண்டார்கள். தொனெட்ஸ்க்–கிரிவி ரிஹ் என்றும் ஒடெசா என்றும் தனித்தனி சோவியத் குடியரசுகளை அவர்களில் சிலர் 1918இல் நடத்திப் பார்த்தார்கள். அவை நீடித்திருந்தால் வரைபடத்தில் உக்ரைன் என்ற ஒரே நிறம் இருந்திருக்காது. ராடாவின் உரிமைகோரலுக்குப் போட்டியாக ஒரு முழு உக்ரைன் வேண்டியிருந்ததால், தோற்ற குடியரசின் உருவத்தை வென்றவர்கள் தங்கள் கைப்பட வரைய வேண்டியதாயிற்று. 1922இல் சோவியத் ஒன்றியத்தைத் தொடங்கி வைத்த குடியரசுகளில் உக்ரைனும் ஒன்று. ஒன்றியத்திலிருந்து விலகும் உரிமையை அதன் அரசியலமைப்பு தாளளவில் விட்டு வைத்தது.

அந்தத் தாளுரிமை 1991இல் நிஜமானது. ஆகஸ்ட் 24இல் கீவ் நாடாளுமன்றம் விடுதலையை அறிவித்தது. டிசம்பர் 1 பொது வாக்கெடுப்பில் 90 சதவீதத்துக்கு மேல் ஆதரவு. க்ரைமியா உட்பட எல்லா வட்டாரத்திலும் பெரும்பான்மை. இம்முறை பத்தாயிரக்கணக்கான வீரர்கள் ஊர் திரும்பும் வழியில் கரைந்துபோகவில்லை, அங்கிருந்த சோவியத் படைகளே கீவுக்கு விசுவாசப் பிரமாணம் எடுக்கத் தொடங்கின.

சட்டப்படி இது எந்த நாட்டின் வாரிசு என்ற கேள்விக்கு கீவ் இரண்டு பதில் வைத்திருக்கிறது. 1991 செப்டம்பரில் வந்த வாரிசுரிமைச் சட்டம், உக்ரைன் சோவியத் சோஷலிசக் குடியரசின் வாரிசு உக்ரைன் என்கிறது. எல்லையும் ஒப்பந்தங்களும் கடனும் அந்த வழியில் வந்தன. மறு ஆண்டு ஆகஸ்ட் 22 அன்று, எழுபது ஆண்டுக்கு மேல் வெளிநாடுகளில் தலைவர் மாற்றி மாற்றி நடந்துவந்த உக்ரைன் மக்கள் குடியரசின் நாடுகடந்த அரசு, கீவுக்கு வந்தது. அதன் கடைசித் தலைவர் மிகோலா பிளாவியுக், தன் பொறுப்புகளைக் குடியரசுத் தலைவர் லியோனித் கிராவ்சுக்கிடம் ஒப்படைத்து, 1918 ஜனவரி 22இல் அறிவித்த நாட்டின் சட்டபூர்வ வாரிசு இன்றைய உக்ரைன் என்ற ஆவணத்தைக் கொடுத்தார். அதை வாங்கிக்கொண்ட கிராவ்சுக், சில ஆண்டுகளுக்கு முன்வரை உக்ரைன் கம்யூனிஸ்ட் கட்சியில் கொள்கைப் பரப்புத் துறையைப் பார்த்துக்கொண்டிருந்தவர். பெத்லியூராவையும் ராடாவையும் கண்டித்து எழுதுவது அந்தத் துறையின் வேலைகளில் ஒன்று.